கோமாளி மீனும் அனிமோனும் சேராதபோது: மலை வீட்டுத் தொட்டிகளுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

நீலகிரியில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருப்பதால், குன்னூர், உதகை, கோத்தகிரி என்று யார் வீட்டுத் தொட்டியில் கோளாறு என்றாலும் எங்களுக்குள் ஒருவரை ஒருவர் அழைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே விதமாகத்தான் தொடங்கும்: "அண்ணா, ஜோடி வாங்கி விட்டு இருபது நாள் ஆச்சு, அனிமோன் பக்கமே போக மாட்டேங்குது." போய்ப் பார்த்தால் மீன்மேல் பிழை இருப்பது அரிது. ஒன்று, கடையில் தேர்ந்தெடுக்கும்போதே பிசகியிருக்கும். அல்லது விடியற்காலையில் வெப்பமானியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கடையில் நீமோ என்றும் க்ளவுன் என்றும் விற்கும் மீனைக் கோமாளி மீன் என்றும், கொட்டும் கைகளை (உணர்கொம்புகளை) விரித்து அவற்றுக்கிடையே அந்த மீனுக்கு இடம் கொடுக்கும் கடல் சாமந்தியை எல்லோரும் சொல்கிறபடி அனிமோன் என்றும் கீழே குறித்திருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலில் வரும், பணம் கரையும் காரணம் கடைசியில் வரும். ஒன்றைச் சோதித்துத் தள்ளிய பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

தொட்டியின் வெப்பநிலையை மாலையில் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பாருங்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும் இரவுகளில் உதகை வீடுகளின் கூடத்திலேயே 10 டிகிரி வரை இறங்கிவிடுகிறது. மாலை 26 டிகிரி காட்டிய தொட்டி விடியலில் 22 காட்டினால், வேறு எதையும் ஆராய வேண்டியதில்லை. அந்தக் குளிரில் அனிமோன் சுருங்கும், மீன் ஒரு மூலையில் ஒடுங்கும். வேண்டியது 25 முதல் 27 டிகிரி, அதுவும் இரவுக்கும் பகலுக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வேறுபாடில்லாமல். லிட்டருக்கு ஒரு வாட் ஹீட்டர் என்பது சமவெளிக் கணக்கு. இங்கே நான் லிட்டருக்கு இரண்டு வாட் வைக்கிறேன், அதையும் இரண்டாகப் பிரித்து வைக்கிறேன்: 200 லிட்டர் தொட்டிக்கு 200 வாட் ஹீட்டர் இரண்டு. ஒன்று இரவில் செத்துப்போனால் மற்றது காலை வரை தாக்குப்பிடிக்கும்.

அடுத்தது உப்பு. இங்கே குளிரே நம்மை ஏமாற்றும் ஒரு நுட்பம் உண்டு. வாளியில் 14 டிகிரியில் இருக்கும் நீரில் உப்பைக் கரைத்து, 25 டிகிரிக்கு அளவிடப்பட்ட கண்ணாடி ஹைட்ரோமீட்டரை (நீரின் ஒப்படர்த்தியைக் கொண்டு உப்பளவைக் காட்டும் மிதவையை) மிதக்கவிட்டால், குளிர்ந்த நீர் அடர்த்தி மிகுந்தது என்பதால் உண்மையைவிட 0.003 அளவுக்குக் கூடுதலாகக் காட்டும். 1.025 வந்துவிட்டது என்று நீங்கள் நிறுத்திய நீர், சூடேறிய பிறகு 1.022 ஆகத்தான் இருக்கும். நீரை முதலில் 25 டிகிரிக்குக் கொண்டுவந்து பிறகு அளக்க வேண்டும். அல்லது வெப்பத்தைத் தானே ஈடுகட்டும், ஒளி விலகலை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, தொட்டியின் வயது. அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம், நைட்ரேட் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) அளவில், குறைந்தது ஆறு மாதம் ஓடிய தொட்டி. இதற்குக் குறைந்ததில் அனிமோன் விடுவதை நான் தடுத்தே வருகிறேன், பலர் கேட்பதில்லை.

அறிகுறி: மீன் நலமாக இருக்கிறது, ஆனால் அனிமோனைத் திரும்பியும் பார்க்கவில்லை

இன்னும் நாள் ஆகவில்லை

பண்ணையில் பிறந்த மீன் பிறந்தது முதல் அனிமோனையே பார்த்திருக்காது. கோமாளி மீன் வகைகளில் மரூன், டொமேட்டோ ஆகியவை பபிள் டிப் என்ற அனிமோன் வகையைக் கண்ட அன்றே நுழைவதுண்டு. ஒசெல்லாரிஸ் என்ற வகை சில நாளிலும் நுழையலாம், சில மாதம் கழித்தும் நுழையலாம். வாலையும் வயிற்றையும் அனிமோனின் கைகளில் லேசாகத் தொட்டுவிட்டு விலகுவதும் மீண்டும் வந்து தொடுவதுமாக இருந்தால் அது பழகிக்கொண்டிருக்கிறது என்று பொருள், விட்டுவிடுங்கள். வலையால் மீனை அனிமோனுக்குள் தள்ளுவதைப் போலத் தீங்கு வேறில்லை. பழகாத மீனை அனிமோன் கொட்டிவிடும். கண்ணாடிக்கு வெளியே கைபேசியில் கோமாளி மீன் காணொளியை ஓடவிடும் தந்திரத்தைப் பலர் சொல்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அதற்கு வேறு வீடு கிடைத்துவிட்டது

குன்னூரில் ஒரு நண்பர் வீட்டில் பெண் மீன் அனிமோனை விட்டுவிட்டு, அலை எழுப்பும் பம்ப்பின் பின்புறத்தில், அதன் கம்பி தொங்கும் இடுக்கில் படுத்திருந்தது. விளக்கை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஒவ்வோர் இரவும் அதே இடுக்கு, தலை கீழே சாய்ந்து, செவுள் மூடி மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. கோமாளி மீன் ஓர் இடத்தைப் படுக்கையாக ஏற்றுக்கொண்டால் எளிதில் மாறாது. அது எங்கே உறங்குகிறது என்பதை இரவில் பாருங்கள். அனிமோன் ஒரு சிறு கல்லில் ஒட்டியிருந்தால் கல்லோடு அந்த இடத்திற்கு அருகில் நகர்த்துங்கள், அல்லது பம்ப்பை எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். அந்த நண்பர் பம்ப்பை மாற்றிய நான்காம் நாள் மீன் அனிமோனுக்குள் இருந்தது. இது பயனளிக்காவிட்டால், துளையுள்ள ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து, அனிமோனையும் மீனையும் அதற்குள் இரண்டு மூன்று நாள் ஒன்றாக வைக்கலாம். கூடைக்குள் நீரோட்டம் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இணை பொருந்தவில்லை

உண்மையில் பாதித் தவறு இங்கேதான் நிகழ்கிறது, அதுவும் பணம் கொடுக்கும் முன்பே. கடலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அனிமோன் வகைகள் இருந்தும் கோமாளி மீன்களுக்கு இடம் கொடுப்பவை ஏறக்குறைய பத்துதான். அந்தப் பத்திலும் எந்த மீனுக்கு எது என்பது பெரும்பாலும் தீர்மானமானது. கிளார்க்கி என்ற மீன் மட்டுமே அந்தப் பத்தில் எதையும் மறுக்காது. மரூன் கடலில் பபிள் டிப்பில் மட்டுமே வாழ்கிறது, டொமேட்டோ பெரும்பாலும் அதில்தான். ஒசெல்லாரிஸ் இயற்கையில் வாழ்வது மேக்னிஃபிகா என்ற அனிமோனிலும் ஜைகான்டியா, மெர்டென்ஸ் ஆகிய கார்பெட் வகைகளிலும். பெர்குலா மீன் வாழ்வது மேக்னிஃபிகா, ஜைகான்டியா, கிரிஸ்பா ஆகிய அனிமோன்களில். மாலத்தீவிலிருந்து வரும் கருந்துடுப்பு மீன், அதாவது நைக்ரிபெஸ், மேக்னிஃபிகாவை மட்டுமே ஏற்கும். மேக்னிஃபிகாவோ வீட்டுத் தொட்டியில் வைத்துக் காப்பாற்றக் கடினமானது. ஆகவே நைக்ரிபெஸை அனிமோனோடு பார்க்கும் ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

ஒசெல்லாரிஸும் பபிள் டிப்பும் கடலில் சேர்வதில்லை, ஆனால் தொட்டியில் பெரும்பாலும் சேர்ந்துவிடுகின்றன. மேலே சொன்ன பொறுமை இந்த இணைக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது.

இன்னொரு பொறி பெயரில் இருக்கிறது. கடைக்காரர் ஒரு தொட்டியில் "செபே மீன்" என்றும் பக்கத்துத் தொட்டியில் "செபே அனிமோன்" என்றும் காட்டுவார். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் வாங்கி வந்துவிடுகிறோம். செபே அனிமோன் என்று விற்கப்படுவது கிரிஸ்பா. செபே மீனோ மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பக்கங்களில் வாழ்வது ஹட்டோனி என்ற கார்பெட் அனிமோனில். ஹட்டோனிக்கு ஆழமான மணல் தளமும் மிகுந்த ஒளியும் வேண்டும். போதாக்குறைக்கு அது பிற சிறு மீன்களைப் பிடித்து விழுங்கக்கூடியது. கோத்தகிரியில் ஒரு வீட்டில் இந்தப் பெயர் மயக்கத்தால் மீன் ஐந்து மாதம் கல்லிடுக்கில் காத்திருந்ததைப் பார்த்தேன்.

முதன்முறை வாங்குபவருக்கு என் தேர்வு: பண்ணையில் வளர்ந்த ஒசெல்லாரிஸ் இளம் ஜோடி, தொட்டியிலேயே தானாகப் பிரிந்து பெருகிய பபிள் டிப். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறைகளை உருவாக்கிப் பரப்பியிருப்பதால், பண்ணை மீன் கிடைப்பது முன்போல் அரிதில்லை. கடலிலிருந்து பிடித்ததா, பண்ணையில் வளர்ந்ததா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்; பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

அனிமோன் போலத் தோன்றும் வேறொன்று

டியூப் அனிமோன் என்று விற்கப்படுவது குழாயில் வாழும் வேறோர் உயிர். காண்டி என்று விற்கப்படுவது கரீபியன் கடலைச் சேர்ந்தது, அங்கே கோமாளி மீனே இல்லை. இவற்றுக்குள் மீன் போகாதது பழுதன்று, போனால்தான் வியப்பு. சாயம் ஏற்றிய மஞ்சள், இளஞ்சிவப்பு அனிமோன்களும் வெளுத்துப் பால்போல் இருப்பவையும் மெல்லச் சாகக்கூடியவை, வாங்க வேண்டாம். நல்ல அனிமோனின் வாய் இறுக மூடியிருக்கும், கைகள் தொடும் பொருளில் பிசுபிசுவென ஒட்டும், அடிப்பாதத்தில் கிழிசல் இருக்காது. ஒட்டியுள்ள கல்லோடு சேர்த்துத் தருகிறாரா என்று கேளுங்கள்.

யாரை, எப்போது அழைப்பது

மேற்கண்ட அனைத்தையும் சரிபார்த்து மூன்று மாதம் கடந்தும் மீன் போகவில்லை என்றால், இரண்டாவது அனிமோனுக்குப் பணம் செலவழிக்கும் முன் அனுபவமுள்ள ஒருவரை அழைத்து உங்கள் அனிமோன் எந்த வகை என்று உறுதிசெய்யுங்கள். வகை தெரியாமல் வாங்கும் இரண்டாவது அனிமோனும் முதலாவதன் வழியில்தான் போகும். இரண்டு வெவ்வேறு வகைகள் ஒரே சிறு தொட்டியில் ஒன்றையொன்று நலிவடையச் செய்வதும் உண்டு.

அறிகுறி: இரண்டு மீன்களும் ஒன்றையொன்று விரட்டிக் கடிக்கின்றன

இது பழக்கமா, பகையா

பெரிய மீன் சின்னதை அவ்வப்போது விரட்டுவதும், சின்னது பக்கவாட்டில் சாய்ந்து உடல் முழுவதும் வெடவெடவென நடுங்குவதும் நல்ல அறிகுறி. குளிரில் நடுங்கும் குழந்தையைப் போலத் தோன்றும் அந்த நடுக்கம், சின்னது தாழ்ந்துபோவதாகச் சொல்லும் முறை. அதைக் கண்டதும் பெரியது விட்டுவிடும். நடுக்கம் இல்லாமல், வாய் கவ்வி இழுத்தல், துடுப்பு கிழிதல், ஒரு மீன் மேல் மூலையில் நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டிருத்தல் என்றால் அது பகை.

அளவில் செய்த பிழை

கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாகிறது, அதற்கு அடுத்தது அதன் துணையான ஆணாக நிற்கிறது. பெண்ணானது மீண்டும் ஆணாவதில்லை. எனவே, அழகாக இருக்கின்றன என்று இரண்டு பெரிய மீன்களை வாங்கினால் இரண்டு பெண்களை வாங்கியதாகவே முடியலாம், அவை சேராது. கடையில் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் மீன் ஒன்றும் மூன்று சென்டிமீட்டர் மீன் ஒன்றும் எடுப்பதே நான் கடைப்பிடிக்கும் வழி. இன்னும் நேரமிருந்தால் கடைத் தொட்டி முன் அரைமணி நேரம் நில்லுங்கள். கூட்டத்தில் இரண்டு மீன்கள் அருகருகே நீந்தி, சின்னது நடுங்கிக் காட்டி, பெரியது சும்மா போய்விடுகிறதென்றால் அந்த இரண்டையும்தான் கேட்க வேண்டும். கடைக்காரர் வலையை விட்டுக் கைக்குக் கிடைத்ததைப் பிடிக்க விடாதீர்கள். கொஞ்சம் முகம் சுளிப்பார், பரவாயில்லை. தள்ளாடித் தள்ளாடி நீந்துவதை நோய் என்று எண்ண வேண்டாம், கோமாளி மீன் அப்படித்தான் நீந்தும்.

ஏற்கெனவே பெண் ஒன்று இருந்து துணை தேடுகிறீர்களானால், அதில் பாதி அளவுக்கும் குறைந்த இளம் மீனை வாங்கி, துளைப் பெட்டிக்குள் ஒரு வாரம் வைத்துக் காட்டிவிட்டுப் பிறகு திறந்துவிடுங்கள். அதே நாளில் கற்களின் அமைப்பையும் சற்று மாற்றினால் பழைய மீனின் ஆட்சி எல்லை கலையும். மரூனுக்கு இந்த வழியும் உறுதியில்லை. அதன் பெண் 16 சென்டிமீட்டர் வரை வளர்ந்து, மிக முரடாக இருக்கும். அதற்குத் துணை சேர்க்கும் வேலையைப் பழகியவரிடம் விடுவதே சரி.

துடுப்பு கிழிந்துவிட்டால் அன்றே பிரிக்க வேண்டும். நாளை பார்க்கலாம் என்பவர்கள் நாளை ஒரு மீனைத்தான் பார்க்கிறார்கள்.

அறிகுறி: வந்து இறங்கிய மீன் மேல்மட்டத்தில் வேகமாக மூச்சு வாங்குகிறது

பயணக் களைப்பு

சென்னை கொளத்தூரிலிருந்தோ கோவையிலிருந்தோ வரும் மீன் மேட்டுப்பாளையம் தாண்டி 14 கொண்டையூசி வளைவுகள் ஏறி வருகிறது. கீழே இறுகக் கட்டிய பை, மேலே காற்றழுத்தம் குறைவதால் உதகை வருவதற்குள் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம்போல் விம்மிவிடும்; கட்டு நெகிழ்ந்து நீர் கசிந்த பைகளையும் பார்த்திருக்கிறேன். கடைக்காரரிடம் ஆக்சிஜனைச் சற்றுத் தளர்வாக நிரப்பச் சொல்லுங்கள், தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். வந்தவுடன் பையை மூடியபடியே அரைமணி நேரம் மிதக்கவிட்டு, உப்பளவு ஒத்திருந்தால் மீனை மட்டும் எடுத்து விட்டுவிடுங்கள். பை நீர் தொட்டியில் கலக்கக் கூடாது. நெடும்பயணப் பையைத் திறந்துவைத்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீர் சேர்த்தால், அதில் தேங்கிய அமோனியா நஞ்சாகிவிடும்.

மலைக் காற்று

இது சமவெளிக்காரர்கள் சொல்லித் தராத காரணம். 26 டிகிரியில் கடல்நீர் கடல்மட்டத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 6.6 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் அது 5 மில்லிகிராமை ஒட்டியே நிற்கும். குளிருக்குப் பயந்து தொட்டியைக் கண்ணாடி போட்டு இறுக மூடிவைத்தால் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். பம்ப்பின் முகத்தை நீர்ப்பரப்பை நோக்கித் திருப்புங்கள், மூடியில் ஓர் இடைவெளி விடுங்கள். ஆடிக் காற்றில் மரம் விழுந்து மின்சாரம் போகும் நாட்களுக்கென்று பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். வெப்பத்திற்குத் தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்தினால் பல மணிநேரம் தாங்கும், மூச்சுக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது.

உடனே அழைக்க வேண்டிய நிலை

மூச்சு வாங்குவதோடு உடலில் வெண்சளி படலமாகத் தொங்கினால் அது புரூக்ளினெல்லா நோயாக இருக்கலாம். கடலில் பிடித்த கோமாளி மீன்களில் இது அதிகம்; ஓரிரு நாளில் கொன்றுவிடும். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றிவிட்டு, மீன் நோய் தெரிந்த மருத்துவரையோ மீன்வளக் கல்லூரியையோ அன்றே தொடர்புகொள்ளுங்கள். இதற்குப் பயன்படுத்தும் பார்மலின் மீனுக்கும் நமக்கும் ஆபத்தானது, கை போன போக்கில் ஊற்றும் மருந்தன்று.

அறிகுறி: மீன் சேர்ந்துவிட்டது, ஆனால் அனிமோன் சுருங்குகிறது அல்லது நடக்கிறது

அனிமோன் நாளில் ஓரிரு முறை சுருங்கிக் கழிவை வெளியேற்றிப் பிறகு விரிவது இயல்பு. தொடர்ந்து சுருங்கியிருந்தால் முதலில் மீனின் அளவைப் பாருங்கள். பெரிய மீன் சிறிய அனிமோனுக்குள் புரண்டு புரண்டு அதை விரியவே விடாமல் செய்யும்; விரிந்த அனிமோன் மீனின் நீளத்தைப்போல் மும்மடங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் கூடையைக் கவிழ்த்து அனிமோனுக்குச் சில வாரம் ஓய்வு கொடுங்கள். நடந்துபோனால் அதற்கு ஒளியோ நீரோட்டமோ பிடிக்கவில்லை. அதைப் பிடுங்கிப் பழைய இடத்தில் வைக்காமல் பம்ப்பின் வாயில் ஸ்பாஞ்ச் கட்டிவிட்டு அதன் போக்கில் விடுங்கள். ஹீட்டரின் மேல் ஏறிச் சுட்டுக்கொள்வதும் நம் ஊர்த் தொட்டிகளில் நடப்பதால் ஹீட்டருக்கும் ஒரு வலைக்கூண்டு வேண்டும். விளக்கை மாற்றுவது கடைசி வழி, செலவும் அதில்தான் அதிகம்.

நீரில் கை வைக்கும்போது விரலில் சுருக்கென்று மின்சாரம் தைத்தால் எல்லா இணைப்பையும் பிடுங்கிவிட்டு எலெக்ட்ரீசியனை அழைக்க வேண்டும். ஹீட்டரின் கண்ணாடி விரிசல் விட்டிருக்கும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாமல் கடல்நீர்த் தொட்டி ஓட்டக் கூடாது.

வாய் பிளந்து, உடல் நூல்நூலாகக் கரைந்து, அழுகிய நாற்றம் வந்தால் அனிமோன் இறந்துவிட்டது. அந்த நிமிடமே எடுத்துவிட்டு, சூடாக்கிய உப்புநீரால் தொட்டி நீரில் பாதியை மாற்றி, ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள், இல்லையேல் இரவுக்குள் மீன்களும் போகும். அடுத்த அனிமோனை இரண்டு மூன்று மாதம் கழித்து வாங்கினால் போதும். கோமாளி மீனுக்குத் தொட்டியில் அனிமோன் கட்டாயமில்லை; பூச்சில்லாத சிறு மண்சட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் அதையே வீடாக எடுத்துக்கொண்டு, வளர்ந்த ஜோடியானால் அதன் உட்சுவரில் முட்டையும் இடும்.